சொல்லாமல் காட்டுவது: விளக்க வசனத்தைச் செயலாக மாற்றும் முழுமையான வழிகாட்டி

குறும்படம் எடுக்க வருபவர்களின் திரைக்கதைகளைப் படிக்கும்போது, பலரும் ஒரே இடத்தில் தடுமாறுவதைப் பார்க்கிறேன். வசனத்தைக் குறைக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவர்களும் குறைக்கிறார்கள். வசனம் இருந்த இடத்தில் ஒரு நீண்ட மௌனமும், கலங்கிய கண்களும், சன்னல் வழியே வெறித்த பார்வையும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. படம் பார்த்தவர்களுக்குக் கதை புரியவில்லை என்று தெரிந்ததும் பின்னணிக் குரல் ஒன்றைச் சேர்க்கிறார்கள். வாசல் வழியே அனுப்பிய வசனம் கொல்லைப்புறமாக வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

இங்கே பிழை, வேலையைச் செய்யும் வரிசையில் இருக்கிறது. செய்தியைச் சுமக்கும் செயல் உருவாவதற்கு முன்பே வசனத்தை எடுத்துவிடுகிறார்கள். கீழே சொல்லும் முறையில் முதலில் செயல் கட்டப்படுகிறது. வசனத்தின் கணக்கு கடைசியில்தான் தீர்க்கப்படுகிறது.

முழு வழிகாட்டிக்கும் ஒரே காட்சியை எடுத்துக்கொள்வோம். ஒரே வீட்டைப் பிரித்துக்கொண்டு வாழும் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. முதல் வடிவத்தில், அதிகாலையில் பொதுக் குழாயடியில் நிற்கும் பக்கத்து வீட்டுக்காரர் புதிதாகக் குடிவந்தவரிடம் இப்படிச் சொல்கிறார்: “மூணு வருஷமா ரெண்டு பேரும் பேசிக்கிறதில்லைங்க. அப்பா போனதும் வீட்ட ரெண்டாப் பிரிச்சாங்க. ஆனாலும் தம்பிக்கு அண்ணன்னா உசுரு.” இந்த மூன்று வரிகளையும் படமாக்க வேண்டும்.

தொடங்கும் முன் தேவையானவை

விளக்க வசனங்களோடு எழுதிய முதல் வடிவம் உங்கள் கையில் இருக்க வேண்டும். அது மோசமாக இருந்தாலும் கிழித்துப் போடாதீர்கள். காட்சி எவற்றையெல்லாம் சொல்ல முயல்கிறது என்பதற்கு அதுதான் பட்டியல்.

படமெடுக்கப் போகும் இடத்தை, காட்சி நடக்கும் அதே நேரத்தில், ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். பகலில் பார்த்த குழாயடியும் விடியற்காலைக் குழாயடியும் ஒன்றல்ல.

கதையே தெரியாத இரண்டு பேரை இப்போதே ஒதுக்கி வையுங்கள். கடைசிச் சோதனைக்கு அவர்கள் தேவைப்படுவார்கள். ஆர்வத்தில் அவர்களிடம் கதையைச் சொல்லிவிட்டால், அந்தச் சோதனைக்கு அவர்கள் பயன்படமாட்டார்கள்.

1. காட்சியின் செய்தியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

நம் காட்சிக்கு நான் எழுதும் வாக்கியம் இது: ‘தம்பி அண்ணனோடு பேசுவதில்லை, ஆனால் அண்ணனை அவனால் விட்டுவிடவும் முடியவில்லை.’ இந்த வாக்கியத்தில் இரண்டு பாதிகள் ஒன்றையொன்று எதிர் இழுப்பதைக் கவனியுங்கள். அந்த இழுப்பு இருந்தால்தான் செயல் பிறக்கும். ‘தம்பி சோகமாக இருக்கிறான்’ என்று எழுதினால் அது ஒரு நிலை. நிலையைப் படம் பிடிக்கப் போனால் முகத்தைத்தான் படம் பிடிக்க முடியும்.

புதியவர்கள் பெரும்பாலும் இங்கே கருப்பொருளை எழுதுகிறார்கள்: ‘உறவுகளின் மேன்மை’, ‘நகர வாழ்க்கையின் தனிமை’. கருப்பொருளை வைத்து ஒரு நடிகரை ஓரடிகூட நடக்க வைக்க முடியாது. வாக்கியத்தில் ஒரு ஆளும், அவர் செய்வதாகவோ செய்யாததாகவோ ஒரு வினைச்சொல்லும் வரும்வரை திருத்தி எழுதுங்கள்.

2. செயலாக மாறாதவற்றைப் பிரித்து எடுங்கள்

முதல் வடிவத்தில் உள்ள ஒவ்வொரு தகவலையும் தனித்தனியே எழுதிப் பாருங்கள். மூன்று ஆண்டுகள், அண்ணன் தம்பி, அப்பா இறந்தது, வீடு பிரிந்தது, பேச்சில்லை, பாசம் உண்டு. இவற்றில் எண்ணும் உறவுப் பெயரும் பழைய நிகழ்வும் செயலாக எளிதில் மாறாதவை. பேச்சில்லாமையும் பாசமும் மாறக்கூடியவை.

மாறாதவற்றில் எதை விட்டுவிடலாம் என்று கேளுங்கள். ‘மூன்று ஆண்டுகள்’ போனால் காட்சிக்கு ஒன்றும் குறையாது. ‘நீண்ட நாள்’ என்பது போதும். அதை இடமே காட்டிவிடும்: ஒரே சுவரில் மங்கிப் பழுத்த பழைய மின் மீட்டர் ஒன்று, அதன் பக்கத்தில் புதிதாக வைத்த இன்னொன்று. வீடு பிரிந்ததும் அதில் வந்துவிடுகிறது. அண்ணன் தம்பி உறவு தெரிந்தே ஆக வேண்டும். அதைத் தனியே ஓரத்தில் குறித்து வையுங்கள், கடைசியில் அதற்கு வருவோம்.

இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்கள்தான், சுவர்க் காலண்டரில் கிழிக்காத தாளையும், மாலை போட்ட அப்பா படத்தையும், உடைந்த குடும்பப் புகைப்படத்தையும் காட்சிக்குள் திணிக்கிறார்கள். அவையும் விளக்க வசனங்களே. அவற்றை வாயால் பேசவில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

3. இந்த நிமிடத்துக்கான தேவையும் தடையும்

பாத்திரத்துக்கு வாழ்க்கையில் என்ன வேண்டும் என்பது கதைக்கான கேள்வி. காட்சிக்கான கேள்வி வேறு: இந்த இரண்டு நிமிடத்துக்குள் அவன் கையால் எதைச் செய்து முடிக்க நினைக்கிறான், எது குறுக்கே நிற்கிறது?

குழாயில் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். இன்று அண்ணன் வீட்டுக் கதவு திறக்கவில்லை. அவருடைய குடங்கள் வரிசையில் காலியாக நிற்கின்றன. தம்பி அண்ணனின் குடத்தை நிரப்ப நினைக்கிறான். அது தான் செய்தது என்று அண்ணனுக்குத் தெரிவதை விரும்பவில்லை. தண்ணீர் எந்த நொடியிலும் நின்றுவிடும், தாழ்ப்பாள் எந்த நொடியிலும் விலகும். இப்போது நடிகருக்கு அவசரம் கிடைத்துவிட்டது. பாசத்தை நடித்துக் காட்ட வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

இன்னொன்றும் இங்கேயே முடிவாக வேண்டும்: இந்தச் செயலுக்கு அவன் என்ன விலை கொடுக்கிறான்? அண்ணனின் குடம் நிரம்பும் நேரத்தில் தண்ணீர் நின்றுவிடுகிறது. தம்பியின் கடைசிக் குடம் காலியாகவே நிற்கிறது. விலை இல்லாத உதவி திரையில் வெறும் நல்ல குணமாகத் தெரியும். எத்தனை நுணுக்கமாகப் படமெடுத்தாலும் அந்த வெறுமை நீங்குவதில்லை என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

4. பொருளை இடத்திலிருந்தே எடுங்கள்

செயலுக்கு ஒரு பொருள் வேண்டும். அது அந்த இடத்தில் அந்த நேரத்தில் எப்படியும் இருக்கக்கூடிய பொருளாக இருக்கட்டும். குழாயடியில் குடம் இருப்பதை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அங்கே தம்பி சட்டைப்பையிலிருந்து அண்ணன் சிறுவயதில் செய்து கொடுத்த பம்பரத்தை எடுத்துப் பார்த்தால், அந்தப் பம்பரத்தை இயக்குநர் கொண்டுவந்து வைத்தார் என்பது உடனே தெரிந்துவிடும்.

பொருள் நிலைமாறக்கூடியதாகவும் இருக்க வேண்டும். குடம் காலியாக இருக்கும், நிரம்பும், சாயும், பாதியாகும். இப்படி நிலைமாறும் பொருள், காட்சியின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள வேறுபாட்டைப் பேச்சில்லாமல் காட்டும். அண்ணனுடையவை பச்சைக் குடங்கள், தம்பியுடையவை சிவப்புக் குடங்கள் என்று நிறத்தால் பிரித்துக்கொள்கிறோம். எது யாருடையது என்ற குழப்பம் ஒரு நொடி வந்தாலும் காட்சி முழுவதும் போய்விடும்.

5. வழக்கத்தை முதலில் காட்டுங்கள், பிறகு அதை முறியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் ஒரு குடத்தில் தண்ணீர் பிடிப்பது யாருக்கும் செய்தி இல்லை. அந்தக் குடத்தை அவன் ஒருபோதும் தொடமாட்டான் என்று பார்வையாளருக்குத் தெரிந்த பிறகு, அவன் அதைத் தொடுவதுதான் செய்தி.

ஆகவே, முதல் நாள் காலை என்று இருபது நொடியில் ஒரு சிறு பகுதி வேண்டும். தம்பி சிவப்புக் குடங்களை நிரப்புகிறான். பச்சைக் குடத்தின்மேல் படாமல் காலை எட்டி வைத்துத் தாண்டுகிறான். அண்ணன் வெளியே வருவதைக் கண்டதும் குழாயை மூடிவிட்டு நகர்கிறான். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடிவிட்டுப் போக, அடுத்த நொடியே அண்ணன் அதைத் திறக்கிறார். திறந்தபடி விட்டுப் போனால் அதுவும் ஒரு உதவியாகிவிடும் என்பதால் மூடுகிறான். பேச்சில்லாத உறவு இந்த ஒரு திருகலில் தெரிந்துவிடுகிறது.

வழக்கத்தைக் காட்டும் பகுதியில் அழுத்தம் கொடுக்காதீர்கள். அங்கே க்ளோஸ்-அப்பும் இசையும் சேர்த்தால், பின்னால் ஏதோ வரப்போகிறது என்று பார்வையாளர் காத்திருக்கத் தொடங்கிவிடுவார். ஆனால் கண்ணில் படாத அளவுக்கு மறைத்தும் வைக்கக் கூடாது. என் தொடக்ககாலக் குறும்படம் ஒன்றில், முடிவுக்குத் தேவையான சாவியை ஒரே ஒரு வைட் ஷாட்டில் (இடம் முழுவதும் தெரியும் ஷாட்), சுவர் ஆணியில் தொங்கவிட்டிருந்தேன். திரையிட்ட அன்று ஒருவர்கூட அதைப் பார்த்திருக்கவில்லை. முடிவில் அந்தச் சாவி எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். அதன் பிறகு, முக்கியமான பொருளை முதல் முறை காட்டும்போது யாராவது ஒருவர் அதைப் பயன்படுத்துவதாகவே எழுதுகிறேன். கை போகும் இடத்துக்குக் கண் போகும்.

6. செயலை அடியடியாக எழுதுங்கள்

இப்போது திரைக்கதையில் எழுதலாம். விதி ஒன்றுதான்: கேமராவால் எடுக்க முடியாத வினைச்சொல்லை எழுதக் கூடாது. ‘உணர்கிறான்’, ‘நினைத்துப் பார்க்கிறான்’, ‘மனம் உடைகிறது’ ஆகியவற்றை எழுதினால், அந்தச் சிக்கலை நடிகரின் தலையில் கட்டுகிறீர்கள் என்று பொருள்.

இரண்டாம் நாள் பகுதி இப்படி வரும்:

சிவப்புக் குடம் நிரம்புகிறது. தம்பி அதை நகர்த்தி, கடைசிச் சிவப்புக் குடத்தைக் குழாயடியில் வைக்கிறான். அண்ணன் வீட்டுக் கதவைப் பார்க்கிறான், மூடியிருக்கிறது. வரிசையில் பச்சைக் குடம். தண்ணீர் நூலாக மெலிகிறது. சிவப்புக் குடத்தைக் காலால் தள்ளிவிட்டுப் பச்சைக் குடத்தை இழுத்து வைக்கிறான். அது நிரம்பும் நேரத்தில் தண்ணீர் நின்றுவிடுகிறது. தாழ்ப்பாள் சத்தம். கையை எடுத்துக்கொள்கிறான். நிரம்பிய சிவப்புக் குடத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு, காலிக் குடத்தை மறந்து, உள்ளே போகிறான். அண்ணன் காலில் கட்டோடு வருகிறார். பச்சைக் குடம் விளிம்புவரை நிற்கிறது. அதன் பக்கத்தில் காலிச் சிவப்புக் குடம். குழாயைத் திருகிப் பார்க்கிறார், தண்ணீர் இல்லை. பச்சைக் குடத்தைச் சாய்த்துப் பாதித் தண்ணீரைச் சிவப்புக் குடத்தில் ஊற்றுகிறார்.

அண்ணனின் எதிர்வினையை எழுதும் இடத்தில் பலர் வழுக்குகிறார்கள். அவர் கண் கலங்குவதாக எழுதினால், தம்பியின் செயலுக்கு நீங்களே பொருள் சொல்லிவிடுகிறீர்கள். செயலுக்கு விடை செயலாகவே வரட்டும். தண்ணீரைக் கீழே கொட்டினால் அது கோபம், குடத்தோடு உள்ளே போனால் ஏற்பு, பாதியைத் திருப்பி ஊற்றினால் அது இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒன்று. அந்த மூன்றாவதற்குச் சரியான பெயர் எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

7. ஷாட் பிரியுங்கள்: பார்க்கிறார், பார்த்தது எது, என்ன செய்கிறார்

ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவின் பெயரால் வழங்கும் சோதனையைத் திரைப்பட மாணவர்கள் அறிவார்கள். ஒரே நடிகரின் மாறாத முகத்தோடு சூப் கிண்ணத்தை ஒட்டினால் பசியாகவும், சவப்பெட்டியை ஒட்டினால் துக்கமாகவும் பார்ப்பவர் மனம் படித்துக்கொள்கிறது. நமக்கு அதன் பயன் நேரடியானது: பார்க்கும் முகம், பார்க்கப்படும் பொருள், அதன் பிறகான செயல் என்ற மூன்றும் அதே வரிசையில் கிடைத்தால், எண்ணத்தைப் பார்வையாளரே நிரப்பிக்கொள்வார்.

ஆகவே தம்பி கதவைப் பார்க்கும் மிட் ஷாட் (இடுப்புக்கு மேலே காட்டும் ஷாட்), மூடிய கதவு, மறுபடியும் தம்பி, பச்சைக் குடம், பிறகு கை. நடுவில் உள்ள கதவு ஷாட்டை நேரமில்லை என்று விட்டுவிட்டால், அவன் ஏன் தயங்கினான் என்பது காணாமல் போய்விடும். புதியவர்கள் முகங்களை நிறைய எடுத்துவிட்டு, பொருளின் இன்சர்ட்களை (பொருளை மட்டும் நெருக்கமாகக் காட்டும் சிறு ஷாட்களை) கடைசியில் அவசரமாக எடுக்கிறார்கள் அல்லது எடுப்பதே இல்லை. செயலால் நகரும் காட்சியில் இன்சர்ட்தான் முதுகெலும்பு. அவற்றை ஷாட் பட்டியலில் மேலே எழுதுங்கள்.

இன்சர்ட்டின் நீளத்திலும் கவனம் வேண்டும். நொடிக்கு 24 ஃபிரேம் என்ற கணக்கில், ஒரு பொருளை அடையாளம் கண்டு, அதன் நிலையையும் புரிந்துகொள்ள எனக்கு 36 முதல் 48 ஃபிரேம் வரை தேவைப்படுகிறது. உங்களுக்குக் கதை தெரியும் என்பதால் 15 ஃபிரேமே போதும் என்று தோன்றும், அதை நம்பாதீர்கள்.

கதவு எந்தப் பக்கம், குழாய் எந்தப் பக்கம் என்பதை ஒரு வைட் ஷாட்டில் நிறுவிவிட்டு, இரண்டுக்கும் இடையிலான கற்பனைக் கோட்டினைக் கேமரா தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லுக், அதாவது பார்வையின் திசை, மாறினால், தம்பி கதவைப் பார்க்கிறானா தெருவைப் பார்க்கிறானா என்ற ஐயம் வரும். வசனம் இருக்கும் காட்சியில் அந்தப் பிழையைப் பேச்சு கொஞ்சம் மறைக்கும். இங்கே மறைக்க எதுவும் இல்லை.

8. ஒலியைத் திரைக்கதையிலேயே எழுதுங்கள்

குடம் நிரம்பும்போது உள்ளே இருக்கும் காற்றின் இடம் குறுகக் குறுக ஒலி மேலே ஏறிக்கொண்டே போகும். நம் வீடுகளில் தண்ணீர் பிடித்த எல்லோருடைய காதும் அதை அறியும். அடுப்படியில் இருந்தபடியே குடம் நிரம்பிவிட்டது என்று சொல்வார்கள். இதைப் பயன்படுத்துங்கள். தம்பியின் முகத்தின்மேல் ஷாட் நிற்கும்போது ஒலி மட்டும் ஏறினால், குடத்தைக் காட்டாமலே நேரம் தீர்ந்துகொண்டிருப்பது தெரியும்.

தாழ்ப்பாள் சத்தமும் அப்படியே. இந்த ஒலிகளை அந்த இடத்திலேயே, வேறு சத்தம் இல்லாத நேரத்தில், தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு டப்பிங்கில் ஏதோ ஒரு தண்ணீர்ச் சத்தத்தை ஒட்டலாம் என்று நினைத்தால், அந்த ஏற்றம் படத்தோடு பொருந்தாது.

9. படப்பிடிப்பு: நடிகருக்கு உண்மையான வேலையைக் கொடுங்கள்

15 லிட்டர் தண்ணீர் 15 கிலோ. காலிக் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு பாரமாக இருப்பதுபோல் நடப்பவரின் கழுத்தும் முழங்காலும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். உண்மையாகவே நிரப்புங்கள். நடிகரின் உடல் வேலையில் மூழ்கியதும் முகம் தானாக அடங்கும், அந்த அடங்கிய முகம்தான் நமக்கு வேண்டும்.

‘அண்ணனை நினைத்து வருந்துங்கள்’ என்று நடிகரிடம் சொல்லாதீர்கள். ‘தாழ்ப்பாள் விலகுவதற்குள் குடம் நிரம்ப வேண்டும்’ என்று சொல்லுங்கள். தாழ்ப்பாளை எப்போது விலக்கப் போகிறோம் என்பதை ஒவ்வொரு டேக்கிலும் மாற்றினால், அவர் காது உண்மையாகவே கதவின் பக்கம் இருக்கும்.

எடுக்கும் வரிசையையும் முன்பே திட்டமிடுங்கள். சிமென்ட் தரை நனைந்தால் கறுத்துவிடும், காய நேரமாகும். ஆகவே தரை உலர்ந்திருக்க வேண்டிய ஷாட்களை எல்லாம் முதலில் எடுத்துவிட்டு, பிறகு தண்ணீரைத் திறக்க வேண்டும். அண்ணன் தண்ணீரை ஊற்றும் ஷாட் கடைசி. விடியல் வெளிச்சம் விரைவாக மாறிவிடுவதால், இரண்டு நாள் காலைகளாகப் பிரித்து எடுப்பது நல்லது. கதையிலும் இரண்டு காலைகள் என்பதால் வெளிச்சத்தில் சிறு வேறுபாடு உதவியாகவே இருக்கும்.

10. ஒலியை அணைத்துவிட்டுச் சோதியுங்கள்

முதல் எடிட்டிங் முடிந்ததும், ஒதுக்கி வைத்த இருவரில் ஒருவருக்கு ஒலி இல்லாமல் காட்டுங்கள். ‘பிடித்திருக்கிறதா’ என்று கேட்காதீர்கள். ‘என்ன நடந்தது, ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லுங்கள்’ என்று மட்டும் கேளுங்கள். நடுவில் விளக்கம் சொல்லாமல், அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

‘சிவப்புக் குடக்காரர் பச்சைக் குடத்தைத் தொடமாட்டார், அன்றைக்குத் தொட்டார்’ என்று அவர் சொன்னால் ஐந்தாம் படி சரியாக அமைந்திருக்கிறது. ‘ஒருவர் தண்ணீர் பிடித்தார், இன்னொருவர் வந்தார்’ என்று மட்டும் சொன்னால், வழக்கம் பதியவில்லை என்று பொருள்; முதல் நாள் பகுதிக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். பெரும்பாலானவர்கள் அப்போது முடிவை இன்னும் அழுத்தமாக்கப் பார்க்கிறார்கள். முடிவில் தெரியும் குறைக்குக் காரணம் அநேகமாகத் தொடக்கத்தில் இருக்கும்.

திருத்தியதும் இரண்டாமவருக்குக் காட்டுங்கள். முதலாமவரிடமே மறுபடி கேட்டால், அவர் நினைவிலிருந்து நிரப்பிச் சொல்வார்.

11. கடைசியாக, வசனத்தின் கணக்கு

இப்போது முதல் வடிவத்தை எடுத்து, படம் சொல்லிவிட்ட ஒவ்வொரு வரியையும் அடியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் முழுவதுமாகப் போய்விடுவார். எஞ்சுவது, இரண்டாம் படியில் ஓரத்தில் குறித்து வைத்த ஒன்று: இவர்கள் அண்ணனும் தம்பியும் என்பது.

இதற்கு ஒரு வரி வசனம் வைப்பதில் தவறே இல்லை; படம் சுமக்க முடியாததை வசனம் சுமக்கட்டும். ஆனால் அந்த வரி, தகவலைத் தருவதற்காகப் பேசப்பட்டதாக இருக்கக் கூடாது. பேசுபவருக்கு வேறு வேலை இருக்க வேண்டும். தமிழில் நமக்கு இதில் பெரிய வசதி உண்டு, உறவுமுறைச் சொல் ஒன்றே முழு உறவையும் சொல்லிவிடும்.

முதல் நாள் காலையில் தம்பியின் சிறு மகள் அப்பாவின் பின்னாலேயே வந்து நிற்கிறாள். அப்பா குழாயை மூடிவிட்டுத் திரும்பி நடக்கிறார். அண்ணன் குழாயைத் திறந்ததும் தண்ணீர் தெறிக்கிறது. அவள் குனிந்து பார்த்துவிட்டுச் சொல்கிறாள்: “பெரியப்பா, செருப்பு நனையுது.”